ஆடு குட்டி போடும், ஃபைல் போடாது

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டத்தில் அன்று ஒரே நாளில் இரண்டு விழா. கும்மிடிப்பூண்டி வட்டம் பாப்பன்குப்பத்தில் ஏழைப் பெண்களுக்குக் கறவை மாடும் ஆடும் கொடுக்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி. பிறகு மாநிலம் முழுக்க லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்த அந்தக் கணினிகளின் பயணம் புறப்பட்டது இங்கிருந்துதான்.

ஆட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வருடத்தில் பட்டி நிறையும். கணினிக்குள் இருக்கும் ஃபைல் குட்டி போடாது. ஒன்று என்றால் ஒன்றேதான். இன்னொன்று வேண்டுமென்றால் நாம்தான் உண்டாக்க வேண்டும். மடிக்கணினி வாங்கிப்போன பிள்ளைகளில் பலருக்கு இந்த விஷயத்தை முதலில் உணர்த்தியவர் ஆசிரியரும் இல்லை, பெற்றோரும் இல்லை; கடைத்தெருவில் சிஸ்டம் சர்வீஸ் பார்ப்பவர். “ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஃபார்மட் போட்டு ஓஎஸ் ஏத்தித் தரேன். உள்ள டேட்டா ஏதாவது வேணுமா?” என்று அவர் கேட்பார். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரியாத பையன் “பரவால்லண்ணா, போட்டுடுங்க” என்பான். வீட்டுக்குப் போனபிறகுதான் அக்காவின் கல்யாணப் படங்கள் நினைவுக்கு வரும்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அடுத்த தலைமுறையிடமும் கடைக்காரர் அதே கேள்வியைக் கேட்கப்போகிறார். அதற்குள் என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

முதலில் சேவ். தட்டச்சு செய்யும் எழுத்து உடனே வட்டில் போய் உட்காருவதில்லை. கரண்ட் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் ராம் என்ற இடத்தில் நிற்கிறது. கரண்ட் போனால் அதுவும் போகும். லிப்ரே ஆபீஸ் போன்ற மென்பொருள்கள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை தாமாக ஒரு மீட்புப் பிரதியை எடுத்து வைக்கும். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் அடித்துவிடலாம், அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே ஃபைலைத் திறந்ததும் முதல் வேலை அதற்குப் பெயர் வைத்து ஓரிடத்தில் சேமிப்பது. அதன்பின் ஒவ்வொரு பத்தி முடிவிலும் கன்ட்ரோல்-எஸ். கை அதுவாகப் போகிற அளவுக்குப் பழக்கிவிட்டால் போதும்.

பெயரும் முக்கியம். ‘புராஜெக்ட் ஃபைனல்’, ‘புராஜெக்ட் ஃபைனல் புதுசு’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்று மூன்று கிடந்தால், ஆசிரியருக்கு அனுப்பும் நேரத்தில் எது உண்மையான ஃபைனல் என்று அடித்தவருக்கே தெரியாது. வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் பெயருக்கு முன் எண்ணைப் போட்டால் ஃபைல்கள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

இன்றைய பதினைந்து வயதுக்காரர்களிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் கணினிக்கு முன்பே ஃபோனைப் பார்த்தவர்கள். படம் கேலரியில் இருக்கிறது, பாடம் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற அடுக்கு அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. மாணவர்களுக்கு ஃபோல்டர் என்றால் என்னவென்றே விளங்கவில்லை என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் 2021-இல் புலம்பியது பத்திரிகைகளில் வந்தது. நம் ஊரில் இதை விளக்குவது சுலபம் என்று நினைக்கிறேன். பீரோ, அதற்குள் தட்டு, தட்டில் மஞ்சப்பை, பைக்குள் பத்திரம். பத்திரம் எங்கே என்று கேட்டால் “வீட்டில்” என்று சொல்லி நிறுத்துகிறவர் யாரும் இல்லையே.

சேவ் செய்தாகிவிட்டது. அது ஒரு பிரதி. பென் டிரைவில் இன்னொரு பிரதி போட்டால் இரண்டு. ஆனால் பலர் செய்வது காப்பி இல்லை, கட். இங்கிருந்து எடுத்து அங்கே வைத்துவிட்டு, பேக்அப் எடுத்தாச்சு என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பிறகு அந்தப் பென் டிரைவ் பிரவுசிங் சென்டருக்குப் போகிறது, ஷார்ட்கட் வைரஸோடு திரும்பி வருகிறது. ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும், தொட்டால் திறக்காது. பதறி ஃபார்மட் போடக்கூடாது. பெரும்பாலும் ஃபைல்கள் அதே இடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும்; விவரம் தெரிந்தவர் வெளியே எடுத்துவிடுவார். தவறி அழித்த ஃபைலுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். நூலகத்தில் அட்டவணைச் சீட்டைக் கிழித்தது போல, பென் டிரைவில் முதலில் அழிவது முகவரி மட்டும். அந்த இடத்தில் வேறொன்றை எழுதாதவரை பழையதை மீட்க வாய்ப்பு உண்டு. அதனால் தவறு நடந்த நிமிடமே அந்த டிரைவைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் எழுதிப் பரவிய 3-2-1 கணக்கு இதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறிடத்தில். வேறிடம் எதற்கு என்பதைத் திருவள்ளூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மடிக்கணினி இருக்கும் மேசை, பென் டிரைவ் இருக்கும் மேசை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த இரண்டு முறையும் நனைந்துபோன சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம் நடத்தியது. மதிப்பெண் பட்டியலுக்கு அரசு அலுவலகத்தில் ஒரு பதிவு இருந்ததால்தான் நகல் கிடைத்தது. பதினோராம் வகுப்பு மாணவி மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய புரோகிராமுக்கு எந்தத் தாலுகா அலுவலகத்திலும் பதிவு கிடையாது.

கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்தமிழர் வீடுகளில் இதையே இன்னும் கனமாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருப்பார்கள். 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சுப் புத்தகம் பலவற்றை வேறெங்கிருந்தாவது மறுபடி வாங்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் போனது போனதுதான்.

வேறிடத்துக்கு இன்று கைக்கெட்டிய வழி கிளவுட். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இலவசம். படங்களும் மின்னஞ்சலும் அதே 15-க்குள்தான் அடங்க வேண்டும். இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்ற விதியும் இருக்கிறது. பள்ளிக்காகத் திறந்து, பாஸ்வேர்டை மறந்து, அப்பாவின் பழைய எண்ணோடு கிடக்கும் கணக்குகள் எத்தனையோ. இன்னொன்று: ஃபோனிலும் கணினியிலும் ஒரே ஃபைல் தெரிகிறதே, இரண்டு பிரதி ஆயிற்றே என்று தோன்றும். அது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான்.

எப்போதும் கணினியோடு செருகியே இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் தனிப் பிரதி என்று நம்பிவிட முடியாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீம்பொருள் உலகம் முழுக்கப் பரவியபோது ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது. அந்த வகைத் தீம்பொருள் கணினி எட்டும் இடத்தில் உள்ள எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். செருகியிருக்கும் டிஸ்க்கும் எட்டும் இடம்தான். பிரதி எடுத்ததும் பிடுங்கி வைத்துவிட வேண்டும்.

தொழிற்சாலைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகளில் பலர் ஐடிஐ, டிப்ளமோ முடித்துச் சிப்காட் தொழிற்பேட்டைக்குத்தான் வேலைக்குப் போவார்கள். அங்கே கணினி நிரலால் ஓடும் பல சிஎன்சி மெஷின்களின் கன்ட்ரோலில் சின்ன பேட்டரி ஒன்று இருக்கும். மெஷின் அணைந்திருக்கும்போது அதன் பாராமீட்டர்களையும் பார்ட் புரோகிராம்களையும் தாங்கிப் பிடிப்பது அதுதான். திரையில் பேட்டரி எச்சரிக்கை வந்தும் கவனிக்காமல் விட்டு, நீண்ட விடுமுறைக்கு மெஷினை அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது மெஷினுக்குத் தான் யார் என்றே தெரியாது. அனுபவப்பட்ட ஆபரேட்டர் மெஷின் ஓடும்போதே பேட்டரியை மாற்றுவார், பாராமீட்டரை வெளியே ஒரு கார்டிலும் எடுத்து வைத்திருப்பார். பள்ளியில் இந்தப் பழக்கம் வந்தவனுக்கு அங்கே யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிப்காட்டிடமிருந்து பள்ளிகள் கடன் வாங்க வேண்டிய பாடம் இன்னொன்று உண்டு: மாக் டிரில். ரசாயன ஆலைகளில் வாயு கசிந்தால் என்ன செய்வது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுவதோடு நிறுத்துவதில்லை, சைரன் ஊதி ஆட்களை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். பேக்அப் விஷயத்தில் நாம் இன்னும் சுவரில் ஒட்டும் கட்டத்தில்தான் நிற்கிறோம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக நிறுவனத்தின் உயிர்நாடியான தரவுத்தளத்தையே அழித்தார். அவர்களிடம் ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. தேடிப்போனால் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரம் முன்பு யாரோ வேறு காரியத்துக்காக எடுத்து வைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அவற்றைத் தவறாமல் திறந்து சோதிக்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை.

கணினி ஆசிரியர் ஒரு வகுப்பை இப்படி நடத்தலாம். பிள்ளைகள் ஒரு பக்கம் தட்டச்சு செய்து சேமிக்கட்டும், பிரதி எடுக்கட்டும். பிறகு சைரன்: அசல் ஃபைலை ஒவ்வொருவரும் தம் கையாலேயே அழிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மீட்டுக் காட்டுகிறவருக்கு மதிப்பெண். பிரதி எடுத்ததாக நினைத்தவர்களில் சிலர் வெறும் ஷார்ட்கட்டை எடுத்து வைத்திருப்பார்கள். சிலரின் தமிழ்ப் பக்கம் வேறு கணினியில் கட்டம் கட்டமாக, கிறுக்கலாகத் திறக்கும். பழைய டிடிபி எழுத்துருவில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் படிக்க முடியாது. எந்தக் கணினியிலும் ஒரேபோல் திறக்கும் யூனிகோடை 2010-லேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டு ஆணையிட்டும் இந்தத் தொல்லை முழுதாக ஒழியவில்லை.

டிரில்லுக்குத் தேதியும் காலண்டரிலேயே இருக்கிறது. ஆயுத பூஜை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. சிப்காட் மெஷின்களுக்கும் வீட்டுக் கணினிக்கும் அன்று சந்தனம், குங்குமம். புத்தகங்களை அடுக்கி வைத்து அன்று தொடாமல் விடுகிறோமே, அந்த அடுக்கின் மேல் முந்தின இரவு பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க்கையும் வைக்கலாம். மறுநாள் விஜயதசமி காலையில் புத்தகத்தை எடுத்து நாலு வரி படித்த கையோடு, அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி அக்காவின் கல்யாணப் படம் திறக்கிறதா என்று பார்த்துவிடலாம். திறக்கவில்லை என்றால் மழைக்கு இன்னும் சில நாள் இருக்கும்.