பொறி சூடேற்றல்

பொறி சூடேற்றல் என்பது தானுந்தின் உள் எரி பொறியை இயக்கிய பின்னர், அதன் மீது முழுச் சுமையை ஏற்றும் முன், உலோகப் பாகங்களும் மசகெண்ணெயும் இயங்கு வெப்பநிலையை அடைய விடுவதாகும்.

இது குளிர்நாடுகளுக்கே உரிய வழக்கம் என்ற எண்ணம் தமிழகத்தில் பரவலாக உண்டு. அது பிழையானது. கோடை வெயிலுக்குப் பெயர்பெற்ற திருத்தணியில் நண்பகலில் 40 பாகை செல்சியசு காயும் நாளிலும், இரவு முழுதும் நின்ற வண்டியின் பொறி விடியற்காலையில் 30 பாகை அளவிலேயே இருக்கும். மசகெண்ணெய்க்கு வேண்டிய வெப்பநிலையோ 90 முதல் 100 பாகை.

காரணங்கள்

பெரும்பாலான பொறிகளில் பிஸ்டன் எனப்படும் ஆடுதண்டு அலுமினியக் கலவையாலும், உருளையின் உட்சுவர் வார்ப்பிரும்பாலும் ஆனவை. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். ஆகவே சூடான நிலையில் சரியாகப் பொருந்துமாறு ஆடுதண்டைச் சற்றுச் சிறிதாகவே செய்கின்றனர். குளிர்ந்த நிலையில் இடைவெளி மிகுவதால், அது சுமையின்கீழ் உருளைச் சுவரில் மோதித் தேய்கிறது.

10டபிள்யூ-30 வகை மசகெண்ணெயின் பாகுநிலை, 40 பாகையில் இருப்பதைவிட 100 பாகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. தடித்த எண்ணெய் தாங்கிகளின் நுண்ணிய இடைவெளிகளில் மெதுவாகவே பாயும். அழுத்தமானி உயர்ந்த அழுத்தம் காட்டினாலும் பாயும் அளவு குறைவே. மேலும், குளிர்ந்த பெட்ரோல் பொறிக்குக் கூடுதல் எரிபொருள் செலுத்தப்படுகிறது. எரியாத பகுதி உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, எண்ணெயோடும் கலந்துவிடும்.

ஓட்டுநர் பார்க்கும் வெப்பமானி குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையையே காட்டுகிறது. அதன் முள் நடுவுக்கு வந்த பின்பும் எண்ணெய் சூடாக மேலும் சில நிமிடங்கள் ஆகும். பலர் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

மலைச்சாலைகளில்

திருவள்ளூர் மாவட்டத்தின் நெசவாளர் ஊரான அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணி முருகன் கோயிலுக்கு வரும் வண்டிக்கு, மலையடிவாரத்தை அடையும் முன்பே பொறி சூடாகிவிடும். ஆனால் அடிவார விடுதியில் இரவு தங்கி, விடியற்காலைத் தரிசனத்திற்காக நேரே மலைச்சாலையில் ஏறும் வண்டி, குளிர்ந்த பொறியோடு முழுச் சுமையை இழுக்கிறது. ஆட்களும் நிறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஊருக்குள் சமதளச் சாலையில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிய பின் ஏறுவது நல்லது. அதற்கு வழியில்லையெனில் தாழ்ந்த கியரில், முடுக்கியை இலேசாக அழுத்தி ஏறலாம். உயர்ந்த கியரில் பொறியைத் திணற விடுதல் கூடாது.

நின்றபடி சூடேற்றுதல்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்ப்பரேட்டர் வண்டிகளில் 'சோக்' இழுத்து, பொறி சீராகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பழக்கம் இன்றும் தொடர்கிறது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் வண்டிகளுக்கு இது தேவையற்றது: சுமையற்ற பொறி மிக மெதுவாகவே சூடாகும், அதுவரை எரிபொருள் வீணாகும், வினையூக்கி மாற்றியும் சூடேறாததால் புகையில் நச்சு மிகும். எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்து அரை நிமிடத்திற்குள் புறப்பட்டு மிதமாக ஓட்டுவதே போதுமானது.

பந்தய வண்டிகளில் நிலை வேறு. ஃபார்முலா 1 பொறிகளில் இடைவெளிகள் மிக நெருக்கமானவை என்பதால், சூடாக்கிய நீர்மத்தை வெளியிலிருந்து சுழலவிட்ட பிறகே அவற்றை இயக்குகின்றனர்.