பழைய வேனும் பழகிப்போன ஆட்டமும்

சங்கராபுரத்துக்கு மேற்கே கல்வராயன் மலைத்தொடர் நிற்கிறது. கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் வெள்ளிமலை நோக்கிச் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. அந்தப் பாதையில் ஒரு பழைய ஆம்னி வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கி வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வளைவில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். முன்சக்கரங்கள் உடனே திரும்பவில்லை. கால் வினாடி கழித்தே திரும்புகின்றன.

கால் வினாடிதானே என்கிறீர்களா? வேகம் மணிக்கு 40 கி.மீ. என்றால் வேன் ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடுகிறது. கால் வினாடியில் ஏறக்குறைய 3 மீட்டர்! எதிரே பேருந்து வரும்போது அது சிறிய தூரமா?

ஓட்டுநரைக் கேட்டால், "இந்த வண்டி எப்பவுமே இப்படித்தான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை. நாளுக்குக் கொஞ்சமாக ஆட்டம் கூடக்கூட அவருடைய கையும் அதற்குப் பழகிவிடுகிறது. ஆகவே ஸ்டியரிங்கின் நிலையைப் பழக்கத்தைக் கொண்டு அறிய முடியாது. சோதித்து, அளந்துதான் அறிய வேண்டும்.

இந்த வேன் 1984இல் இந்தியச் சாலைகளுக்கு வந்தது. 1988இல் ஆம்னி என்ற பெயர் பெற்றது. 2019இல் இதன் உற்பத்தி நின்றது. எனவே இன்று ஓடும் எல்லா ஆம்னிகளும் பழைய வண்டிகளே.

இரு சக்கரங்கள், இரு கோணங்கள்

கரும்பு ஏற்றிச் செல்லும் மாட்டு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டே சக்கரங்கள், மாடுகள் திரும்பினால் வண்டி முழுவதும் திரும்பிவிடும். நான்கு சக்கர வண்டியில் அது முடியாது. வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. எனவே உட்சக்கரம் அதிகமாகத் திரும்ப வேண்டும். இதற்கேற்ற அமைப்பை 1817இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி கட்டும் தொழில் செய்த லாங்கென்ஸ்பெர்கர் என்பவர் உருவாக்கினார். 1818இல் லண்டனில் அக்கர்மன் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஆம்னியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1.84 மீட்டர், இடது, வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.2 மீட்டர். பின் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும்போது முன்னால் உட்சக்கரம் சுமார் 23 பாகையும், வெளிச்சக்கரம் சுமார் 18 பாகையும் திரும்பியிருக்க வேண்டும். டேன்ஜென்ட் அட்டவணை கையில் இருந்தால் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஸ்டியரிங்கின் தண்டு ஒரு சிறு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது ஒரு பல்சட்டத்தை இடமும் வலமும் தள்ளுகிறது. சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் டை ராட் என்னும் கம்பிகள் சென்று சக்கரங்களைத் திருப்புகின்றன. கம்பியின் முனையில், நம் இடுப்பு மூட்டைப் போலவே, கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை இருக்கிறது. அதை மூடி ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மழைநீரும் மண்ணும் உள்ளே புகும். பிறகு மண்ணே அரம்போல உருண்டையை அராவும். அதுதான் ஆட்டத்தின் பிறப்பு. கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் உருண்டை கிண்ணத்தை விட்டே கழன்று, சக்கரம் தன் விருப்பப்படி திரும்பிவிடும்.

எப்படிச் சோதிப்பது?

முதல் சோதனைக்கு ஓர் அளவுகோல் போதும். சமதளத்தில் வேனை நேராக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஸ்டியரிங் பூட்டை விடுவித்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் வளையத்தில் ஒரு நூலைக் கட்டி மெல்ல இருபுறமும் அசைத்தால், முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை நூல் எவ்வளவு நகர்கிறது என்பது தெரியும். மொத்தம் 30 மி.மீ.க்கு மேல் போனால் வேன் பட்டறைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது சோதனை மெக்கானிக் செய்ய வேண்டியது. நீங்கள் தள்ளி நின்று பார்க்கலாம். ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கி வைத்த பிறகு, அவர் முன்சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுவார். ஆடினால் பெரும்பாலும் டை ராட் முனையில் தேய்மானம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால், கீழ் பால் ஜாயிண்டிலோ சக்கரத்தின் பேரிங்கிலோ கோளாறு. எது என்று எப்படி அறிவது? ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட்.

டயரும் சாட்சி சொல்லும். டை ராட் முனையை மாற்றியதும் சக்கர அலைன்மெண்ட் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? இரு முன்சக்கரங்களின் முன் விளிம்புகளுக்கு இடையிலான தூரம், பின் விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தைவிட 5 மி.மீ. குறைவு என்று கொள்வோம். சக்கரத்தின் விட்டம் சுமார் 54 செ.மீ. அப்படியானால் ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் ஒவ்வொரு டயரும் சுமார் 4½ மீட்டர் பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கப்படுகிறது! நிற்கும் வண்டியின் டயர்மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவினால், ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் கூராகவும் இருப்பது இதனால்தான்.

வில் குதிக்கும், எண்ணெய் அடக்கும்

ஆம்னிக்கு முன்னால் சுருள்வில், பின்னால் பட்டைவில். பள்ளத்தின் அதிர்ச்சியை வில் வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுப்பது வில்லின் குணம். அது மட்டும் இருந்தால் வேன் குதித்துக்கொண்டே போகும். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு பாய்கிறது. குதிக்கும் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்குகிறது.

இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். ரப்பர் வளையத்தில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு இழுத்து விடுங்கள். பல முறை துள்ளும். அதே கல்லை வாளி நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டு இழுத்து விடுங்கள், விரைவில் அடங்கிவிடும். அந்த நீரின் வேலையைத்தான் ஷாக் அப்சார்பரின் எண்ணெய் செய்கிறது.

எண்ணெய் கசிந்துபோனால் துள்ளல் அடங்காது. சக்கரம் துள்ளி எழும் நேரத்தில் டயருக்கும் சாலைக்கும் இடையே பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லாதபோது ஸ்டியரிங்கும் பயன்படாது, பிரேக்கும் பயன்படாது. நிற்கும் வேனின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு முறை எழுந்து நின்றுவிட்டால் நல்லது. மூன்று, நான்கு முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது. அச்சின் இரு பக்கத்துக்கும் சேர்த்தே புதியது போட வேண்டும். பின்பக்கப் பட்டைவில்லில் விரிசல் விழுந்த பட்டை உண்டா, பட்டையைக் கட்டிய போல்ட் தளர்ந்துள்ளதா, ரப்பர் புஷ் நைந்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் பள்ளிக்குப் பழைய வேன் வருகிறதா? ஓட்டுநர் அண்ணனிடம் அனுமதி கேட்டு, நூலும் அளவுகோலும் வைத்து இந்த மாதம் ஒரு முறை, அடுத்த மாதம் ஒரு முறை அளந்து தேதியுடன் எழுதி வையுங்கள். எண் கூடியிருந்தால் அவரிடம் காட்டுங்கள். அவர் கை உணராததை அந்தத் தாள் அவருக்குச் சொல்லும்.