மாவுக் கிரைண்டர் கற்றுத் தந்த பாடம்

ரயில்வே மின்பிரிவில் 38 ஆண்டுகள் பணியாற்றி 2019இல் ஓய்வு பெற்றவன் நான். "உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதுங்களேன்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, மின்சார ரயில்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், எனக்குப் பெரிய பாடம் புகட்டியது ஓர் இட்லி மாவுக் கிரைண்டர்தான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

தாராவியில் நம் திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருவர் மாவு அரைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். விடியற்காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு இட்லி விற்கக் கிளம்பும் தம்பிகள் பலருக்கு அவர் மாவுதான் முதல். 2022இல் அவர் வேறு அறைக்கு மாற வேண்டி வந்தது. பழைய இடத்தில் மூன்று பேஸ் மின்சாரம்; புது இடத்தில் ஒற்றைப் பேஸ் மட்டுமே. கிரைண்டர் மோட்டாரோ 2 குதிரைத்திறன், மூன்று பேஸ்.

"அண்ணாச்சி, மூணு பேஸுக்கு எழுதிப் போட்டா எப்ப வருமோ தெரியல. நாலு நாள் கடையை மூடினா வாடிக்கை அத்தனையும் போயிரும்" என்றார்.

"கவலைப்படாதே தாயி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இதற்கு வழி, டிரைவ் எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. ஒற்றைப் பேஸ் 230 வோல்ட்டை வாங்கி, முதலில் டி.சி.யாக மாற்றி, பிறகு மூன்று பேஸாக வெட்டிக் கொடுக்கும். அலைவெண்ணைக் கூட்டிக் குறைத்தால் வேகமும் கூடிக் குறையும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மும்பை புறநகர் ரயில்கள் 1500 வோல்ட் டி.சி.யில் ஓடின. புறப்படும்போது மின்தடைகளை ஒவ்வொன்றாக விலக்கி வேகம் கூட்டுவோம். மின்சாரத்தில் ஒரு பங்கு வெறும் சூடாகவே போகும். 1990களில் மூன்று பேஸ் எஞ்சின்கள் வந்தபோது வாய் பிளந்து பார்த்த அதே தத்துவம், இன்று ஒரு டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியில் கடையில் கிடைக்கிறது.

இந்த டிரைவ் மூன்று பேஸ் தந்தாலும் 230 வோல்ட்டுக்கு மேல் தராது. மோட்டாரின் பெயர்த்தகட்டில் இருந்ததோ 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு, 3.4 ஆம்பியர். நல்ல வேளையாக ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தன. அவற்றை டெல்டாவாக மாற்றினால் அதே சுருள்களுக்கு 240 வோல்ட் போதும். ஆனால் மின்னோட்டம் 1.73 மடங்காகும். ஆகவே டிரைவில் 3.4 என்று பதியாமல் 5.9 என்று பதிந்தேன். இதைக் கவனியாமல் விட்டால் சரியான சுமையிலேயே டிரைவ் நின்று நின்று போகும்.

வேகம் ஏற 8 வினாடி வைத்தேன். பெல்ட் கிறீச்சிடாமல், விளக்கு மங்காமல் கிரைண்டர் மெல்லக் கிளம்பியது. நிறுத்தும்போது தானாகச் சுழன்று ஓயும்படி விட்டேன். சட்டென்று பிடித்து நிறுத்த முயன்றால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைத் திருப்பி அனுப்பி, டிரைவை மடக்கிவிடும். குறைந்த அளவு 25 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மோட்டாரின் சொந்த விசிறிக்குக் காற்று போதாது. உளுந்துக்கு 42, அரிசிக்கு 50 என்று அந்த அம்மாளே கைப்பக்குவம் கண்டுகொண்டார். மாவுத் தூசியும் ஈரமும் படாதபடி பெட்டியை உயரத்தில், மேலும் கீழும் இடம் விட்டு மாட்டினேன். எர்த் கம்பியையும் சோதித்தேன். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, திருப்பினால் ஓடும் சுவிட்ச் ஒன்றை வைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

ஒரு மழை நாள். மின்சாரம் போயிற்று. அந்த அம்மாள் வழக்கம்போல் கையை விட்டு மாவை வழித்திருக்கிறார். மின்சாரம் திரும்பியது, சுவிட்ச் திருப்பியபடியே இருந்ததால் கிரைண்டரும் தானாகக் கிளம்பிவிட்டது! மெல்லக் கிளம்பியதால் கையை இழுத்துக்கொண்டார். கண்ணாடி வளையல்கள் நொறுங்கி, மணிக்கட்டில் காயம். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஆறிரும்" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தவறு முழுக்க என்னுடையது. பழைய ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் உண்டு. மின்சாரம் போனால் அது விட்டுவிடும். திரும்ப வந்தாலும், பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். பல வருடங்களாக அந்த அம்மாளின் கையைக் காத்தது அதுதான். அது என்ன வேலை செய்கிறது என்று யோசிக்காமலே கழற்றி எறிந்தேன். மோட்டார்மேன் கைப்பிடியை விட்டால் ரயில் நிற்கும் ஏற்பாட்டை நாள்தோறும் சோதித்தவனுக்கு, ஒரு கிரைண்டரில் அது மறந்து போயிற்று.

மறுநாளே போய், அழுத்தி விட்டால் மீளும் பச்சை, சிவப்புப் பொத்தான்களை டிரைவின் கட்டுப்பாட்டு முனைகளில் இணைத்தேன். தானாக மீண்டும் கிளம்பும் அமைப்பை நீக்கினேன். தட்டினால் நிற்கும் பெரிய சிவப்புக் குமிழ் ஒன்றும் வைத்தேன். மெயின் சுவிட்சை அவர் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டு வந்து, "மெயினை அணைக்காமல் உள்ளே கை விடாதே தாயி" என்று சொல்லி வைத்தேன். பிறகு ஐந்து தடவை மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். ஐந்து தடவையும் கிரைண்டர் அசையவில்லை.

உங்கள் குடியிருப்புப் பம்புக்கோ, கடை இயந்திரத்துக்கோ டிரைவ் மாட்ட வந்தால், ஆளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "கரண்ட் போய் வந்தால் இது என்ன செய்யும்?" பதிலை வாயால் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் கண்ணெதிரே அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அணைத்த பிறகும் டிரைவுக்குள் சில நிமிடங்கள் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், மூடியை உடனே திறக்க விடாதீர்கள்.

அந்த அம்மாள் இப்போதும் மாவு அரைக்கிறார். கையில் புது வளையல். அந்தப் பக்கம் போனால் இட்லி சாப்பிடாமல் என்னை விடுவதில்லை. ஆனாலும் நான் முதலில் பார்ப்பது பச்சைப் பொத்தானைத்தான்.