சக்கர வீட்டுத் திண்ணை

வீட்டுக்குத் திண்ணை எதற்காக என்று நம்மில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் நடந்து வந்தவன் உட்காருவதற்கும், மழைக்கு ஒதுங்கியவன் நிற்பதற்கும், மாலை வேளையில் நாலு பேர் கூடி ஊர் சமாசாரம் பேசுவதற்கும் அது வேண்டியிருக்கிறது. ஆனால், வீடே சக்கரங்களின் மேல் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டால் திண்ணைக்கு எங்கே போவது? இந்தக் கேள்விக்கு அமெரிக்கர்கள் கண்டிருக்கும் விடையைப் பற்றியும், அந்த விடைக்கு நேரும் விபத்துக்களைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் பிரயாணம் செய்தவர்கள் 'மோட்டார் வீடு' என்னும் வாகனத்தைப் பார்த்திருப்பார்கள். வெளியே பார்த்தால் பஸ். உள்ளே நுழைந்தால் வீடு. அடுப்பு உண்டு, கட்டில் உண்டு, ஸ்நான அறை உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர், வடக்கே பனி கொட்டத் தொடங்கியதும் இந்த வண்டியில் ஏறி அரிஸோனாவுக்கோ புளோரிடாவுக்கோ வந்து சேருகிறார்கள். வசந்தம் பிறந்ததும் திரும்பிப் போகிறார்கள். இவர்களுக்குப் 'பனிப் பறவைகள்' என்றே பெயர். பிள்ளைகளைப் பார்க்க அந்தத் தேசத்துக்குப் போய்வரும் நம்மவர்களிலும் சிலர், இப்படி ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு மலையும் காடும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

வண்டி ஓரிடத்தில் நின்றதும் முதற் காரியமாக, அதன் பக்கச் சுவரின் மேல் ஓரத்தில் சுருண்டு கிடக்கும் துணியை வெளியே இழுத்து விரிக்கிறார்கள். துணியின் ஒரு விளிம்பு சுவரோடு பொருந்தியிருக்கிறது. மறு விளிம்பு ஓர் உருளையில் சுற்றியிருக்கிறது. இரு புறமும் உள்ள உலோகக் கைகள் உருளையைத் தாங்கிக்கொண்டு நீளுகின்றன. சில வண்டிகளில் கையால் இழுக்க வேண்டும். சிலவற்றில் பொத்தானை அமுக்கினால் மின்சார யந்திரமே இழுத்துவிடும். ஒரு நிமிஷத்தில் நிழல் தயார். கீழே இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, காப்பிப் பாத்திரம் - திண்ணை வந்துவிட்டது! 'ஆனிங்' என்று அவர்கள் அழைக்கும் இதை நாம் துணிப் பந்தல் என்று சொல்லலாம்.

ஒழுங்காகப் பேணினால் இந்தப் பந்தல் பல வருஷம் உழைக்கும். பேணாவிட்டால் ஒரே மழைக் காலத்தில் கரும்புள்ளி விழுந்து, கிட்டப் போக முடியாதபடி நாற்றம் எடுத்துவிடும். அப்புறம் புதுத் துணிக்குக் கணிசமான பணத்தை எண்ணி வைக்க வேண்டியதுதான். இவ்வளவுக்கும் காரணம் மழை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அது பாவம், மழையின் மேல் வீண் பழி! துணியைக் கெடுப்பது மழையல்ல; மழை நின்ற பிறகு மனிதன் காட்டும் அவசரமே.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சணம்

இந்த வம்பு நேற்று இன்று தோன்றியதல்ல. 1919-ம் வருஷம் புளோரிடாவிலுள்ள டாம்பா நகரில் 'தகர டப்பா யாத்திரிகர்கள்' என்று ஒரு சங்கம் ஏற்பட்டது. போர்டு மோட்டாரில் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றியவர்களின் சங்கம் அது. ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொள்வது அவர்களுடைய அடையாளம். இரவில் வண்டியின் பக்கத்தில் தடித்த பருத்தித் துணியைக் கட்டி, அதன் அடியில் படுத்தார்கள். பருத்தித் துணிக்கு நல்ல குணங்கள் அநேகம். ஆனால், அதன் நூல் முழுவதும் செல்லுலோஸ் என்னும் தாவரப் பொருள். அது பூஞ்சணத்துக்கு விருந்துச் சாப்பாடு.

எப்பேர்ப்பட்ட விருந்து என்பதை இரண்டாவது உலக மகா யுத்தத்தின் போது அமெரிக்க ராணுவம் தெரிந்துகொண்டது. தென் பசிபிக் தீவுகளின் புழுக்கத்தில் சிப்பாய்களின் கூடாரங்களும், உடுப்புகளும், இடுப்புப் பட்டைகளும் இற்று விழுந்தன. எதிரியின் குண்டுக்குத் தப்பிய கூடாரம் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணத்துக்குத் தப்பவில்லை. இதை ஆராய்வதற்கென்றே ராணுவத்தார் ஓர் ஆராய்ச்சிசாலை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. பூகன்வில் தீவில் நைந்துபோன பருத்தித் துணியிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த ஒரு பூஞ்சணம், பருத்தி நூலைக் கரைப்பதில் மகா சமர்த்தாக இருந்தது. அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட ரீஸ் என்னும் விஞ்ஞானியின் ஞாபகார்த்தமாக, 1977-ம் வருஷம் அதற்கு 'டிரைக்கோடெர்மா ரீஸி' என்று நாமகரணம் செய்தார்கள்.

புதுத் துணி, பழைய சத்துரு

யுத்தத்துக்குப் பிறகு, பூஞ்சணம் தின்ன முடியாத துணிகள் வந்தன. இன்று மோட்டார் வீட்டுப் பந்தல்களில் முக்கியமாக இரண்டு வகைகளைக் காணலாம். ஒன்று வினைல்: செயற்கை நூல் வலையின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியது. இதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்காது, காற்றும் புகாது. மற்றொன்று அக்ரிலிக்: செயற்கை இழையால் நெய்தது. இதில் காற்று புகும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஆனால் விடாமழை பெய்தால் மெள்ள மெள்ளக் கசியவும் கூடும்.

அக்ரிலிக் துணிக்குச் சாயம் ஏற்றும் விதம் விசேஷமானது. நூலை நூற்றுவிட்டு அப்புறம் சாயத்தில் முக்குவதில்லை. இழையாக இழுப்பதற்கு முன்பே குழம்பில் வர்ணத்தைக் கலந்துவிடுகிறார்கள். கத்திரிக்காயின் ஊதா நிறம் தோலோடு சரி; மஞ்சள் கிழங்கையோ எங்கே ஒடித்தாலும் மஞ்சள்தான். இந்தத் துணி மஞ்சள் கிழங்கைச் சேர்ந்தது. ஆகையால் வெயிலில் சீக்கிரம் வெளுப்பதில்லை. வட கரோலினாவிலுள்ள கிளென் ரேவன் ஆலையார் 1961-ம் வருஷத்திலேயே இப்படிப்பட்ட துணியைப் பந்தலுக்கென்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

துணி பிளாஸ்டிக் ஆகிவிட்டதே, இனிப் பூஞ்சணத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தட்டைத் தின்ன முடியாவிட்டால் என்ன? தட்டில் ஒட்டியிருக்கும் பருக்கையைத் தின்னலாம் அல்லவா? துணியின் மேல் படியும் தூசி, மகரந்தம், மரப் பிசின், பட்சிகளின் எச்சம் இவையெல்லாம் பூஞ்சணத்துக்கு ஆகாரம். வினைல் துணியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்க்கும் மெழுக்குப் பொருளையே சில பூஞ்சணங்கள் தின்றுவிடும். பிறகு துணி விறைத்து, வெடிக்கத் தொடங்கும்.

பூஞ்சணத்தின் வித்துக்கள் காற்றில் எங்கும் பறந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தடுக்க யாராலும் ஆகாது. ஆனால் வித்து முளைப்பதற்கு ஆகாரம் மட்டும் போதாது. ஈரமும் அமைதியும் வேண்டும். ஈரத் துணியை இறுகச் சுருட்டித் தகர உறைக்குள் மூடிவிட்டால் இருட்டு, வெதுவெதுப்பு, ஈரம், அழுக்கு எல்லாவற்றையும் நாமே ஒரே இடத்தில் சேர்த்து வைத்தவர்களாகிறோம். ஐப்பசி அடைமழையில், உலராத வேஷ்டியை மடித்துப் பெட்டியில் வைத்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

வாஷிங்டன் மாகாணத்தில் ஹோ மழைக்காடு என்று ஒரு வனம் இருக்கிறது. அங்கே வருஷத்துக்குச் சுமார் 140 அங்குலம் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல் இரண்டரை மடங்கு! அங்கே இரண்டு நாள் தங்கிய ஒரு குடும்பம் மூன்றாம் நாள் காலையில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. உலரும் வரையில் காத்திருக்க நேரமில்லை. என்ன செய்வது? ஈரத்தோடு சுருட்டத்தான் வேண்டும். அதில் பாதகமில்லை. பாதகமெல்லாம் அதைச் சுருட்டியபடியே மறந்துவிடுவதில்தான் இருக்கிறது. மறுநாள் எந்த ஊரில் வெயில் அடிக்கிறதோ அந்த ஊரில் முதல் வேலையாகப் பந்தலை விரித்து உலர்த்திவிட வேண்டும். வீட்டுக்குள் ஈரம் பட்ட பொருள்களை 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பற்றாது என்பது அமெரிக்க அரசாங்கத்துச் சுற்றுச்சூழல் இலாகாவின் யோசனை. அந்தக் கணக்கையே பந்தலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மழை பெய்யும்போது பந்தலைச் சமமாக நிறுத்தக் கூடாது. ஒரு பக்கத்துக் கையைச் சற்றுத் தாழ்த்திவிட்டால் தண்ணீர் அந்த மூலை வழியாக ஓடிவிடும். இல்லாவிட்டால் நடுவில் குளம் கட்டும். 16 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள ஒரு பந்தலின் மேல் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நின்றால் அதன் எடை சுமார் 300 கிலோ! நாலைந்து பேர் மேலே ஏறி உட்கார்ந்த மாதிரிதான். உருளை வளைவதற்கும் கைகள் முறிவதற்கும் அது போதும்; கீழே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால் விபரீதத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, காற்று. காற்றின் வேகம் மூன்று மடங்கானால் அதன் அழுத்தம் ஒன்பது மடங்காகும். மணிக்கு 10 மைல் வேகத்தில் சாமரம் வீசும் அதே காற்று, 30 மைல் வேகத்தில் பந்தலைக் கப்பற் பாயாக்கி வண்டியின் கூரைமேல் புரட்டிவிடும். சுவரிலிருந்தே பிய்த்தெறிந்தாலும் எறியும். காற்றை உணர்ந்து தானாகவே சுருட்டிக்கொள்ளும் பந்தல்களும் இப்போது உண்டு. ஆனால் அதை நம்பி ஊருக்குள் போய்விடக் கூடாது. பந்தலை விட்டு அகலும்போதும், இரவில் படுக்கும்போதும் சுருட்டி வைப்பதே உத்தமம். வேலையில்லாத நேரத்தில் சுருட்டி வைப்பதால் வெயிலும் துணியைத் தின்னாது.

நாலாவது, ஸ்நானம். வருஷத்தில் ஓரிரு முறையாவது பந்தலை முழுதும் விரித்து, முதலில் உலர்ந்த இலை, தூசிகளைத் துடைத்துவிட வேண்டும். பிறகு மிருதுவான சோப்புக் கரைத்த தண்ணீரை மேலும் கீழும் பூசி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அனுபவசாலிகள் இங்கே ஒரு யுக்தி செய்கிறார்கள். சோப்புத் தண்ணீர் பூசிய துணியை அப்படியே சுருட்டிச் சில நிமிஷம் விட்டுவிடுகிறார்கள். ஒரு சுற்றின் அடிப்புறம் அடுத்த சுற்றின் மேற்புறத்தோடு படிவதால், எட்டாத இடத்திலும் சோப்பு பரவி அழுக்கை இளக்குகிறது. பிறகு விரித்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, காய்ந்த பின்னரே மறுபடி சுருட்ட வேண்டும். பீச்சாங்குழல் யந்திரத்தின் உக்கிரமான தாரை துணியின் பூச்சையே உரித்துவிடும்; அதை உபயோகிக்கலாகாது.

கறை ஏற்கெனவே விழுந்திருந்தால் துணி எந்த வகை என்று பார்க்க வேண்டும். அக்ரிலிக் துணியானால் ஒரு காலன் தண்ணீரில் ஒரு கோப்பை குளோரின் சலவைத் திரவமும் கால் கோப்பை சோப்பும் கலந்து தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்து அலசலாம். வினைல் துணிக்கு இந்தக் கார மருந்து கூடாது. தண்ணீர் கலந்த வினிகர் போதும். ஆனால் ஒன்றை மட்டும் கெட்டியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சலவைத் திரவத்தையும் வினிகரையும் ஒருபோதும் சேர்த்து உபயோகிக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் விஷவாயு கிளம்பும். அம்மோனியா கலந்த திரவங்களையும் சலவைத் திரவத்தின் பக்கத்தில் வரவிடக் கூடாது. பந்தலைக் காப்பாற்றப் போய்ப் பிராணனை இழப்பதா?

பகைவனுக்கு உத்தியோகம்

கூடாரத்தைத் தின்ற அந்தப் பூகன்வில் பூஞ்சணம் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைச் சிறையில் போட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? உத்தியோகமே கொடுத்துவிட்டார்கள்! பருத்தியைக் கரைக்கும் அதன் ரசத்தைப் பிரித்தெடுத்து, புது ஜீன்ஸ் துணிக்குப் பழசு போன்ற மெருகு தருவதற்கும், வைக்கோலைக் கரைத்து மோட்டாருக்கு வேண்டிய சாராயம் வடிப்பதற்கும் தொழிற்சாலைகளில் உபயோகிக்கிறார்கள். அந்த வேலைகளுக்காக உலகெங்கும் வளர்க்கும் அவ்வினப் பூஞ்சண வகைகள் ஏறக்குறைய எல்லாமே, அந்த ஒரு துணியில் அகப்பட்டதன் சந்ததிகள்தான். நாசம் செய்த அதே சாமர்த்தியம், அளவோடு கட்டுப்படுத்திய இடத்தில் ஊழியம் செய்கிறது.

ஆனால் பந்தலின் மேல் அதற்கு உத்தியோகம் கிடையாது. அங்கே அதைத் தடுப்பதற்கு விலையுயர்ந்த மருந்தும் வேண்டாம், பெரிய வித்தையும் வேண்டாம். துணி நெய்வதில் ஆயிரமாயிரம் வருஷப் பழக்கமுள்ள நம் தேசத்தில், ஈரப் புடவையைச் சுருட்டி மூலையில் போட்ட பெண்ணைப் பாட்டிமார்கள் எப்படிக் கண்டிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். விரித்து உலர்த்து என்பதே அவர்கள் உபதேசம். அரிஸோனாப் பாலைவனத்திலும் ஹோ மழைக்காட்டிலும் சக்கர வீட்டுத் திண்ணையைக் காப்பாற்றுவது அந்த உபதேசந்தான்.