ஓடாத வண்டிக்கும் வயசாகும்

பழைய கார் விற்பவர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் இதுதான்: "வண்டி அதிகம் ஓடலை சார், ஷெட்டிலேயேதான் நின்னுது." கேட்பவர் மனசு அங்கேயே பாதி இளகிவிடும். அந்த வண்டி 1950களின் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் என்றால், இளகாமல் இருப்பது நல்லது.

கதவு மேல்நோக்கித் திறக்கும் கார் அது. இரண்டு கதவையும் தூக்கிவிட்டால் கடற்புறா சிறகை விரித்ததுபோல் இருக்கும். 'கல்விங்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. அழகுக்காகச் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த கூடுதான் இந்த வண்டியின் எலும்பு. எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் அந்தக் கூடு இருபக்கமும் உயரமாக ஏறி வருவதால், வழக்கமான கதவு வைக்க இடமே இல்லை. கூரையில் கீல் வைத்தார்கள். அப்படியும் உள்ளே காலை நுழைப்பது சிரமம் என்று ஸ்டீயரிங் சக்கரத்தை மடிக்கும்படி செய்தார்கள்.

1952இல் லெ மான் பந்தயத்தில் வென்ற காரின் வழிவந்தது இது. "சாலையில் ஓட்ட ஒன்று செய்து கொடுங்கள், அமெரிக்காவில் நான் விற்றுத் தருகிறேன்" என்ற தோரணையில் நியூயார்க் இறக்குமதியாளர் மேக்ஸ் ஹாஃப்மன் வற்புறுத்த, 1954 பிப்ரவரியில் அந்த ஊர்க் கண்காட்சியிலேயே அறிமுகமானது. 1957 வரை மொத்தம் 1,400 கல்விங் கார்கள். இன்று நல்ல நிலையில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் பத்து லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும்.

விஷயம் இருப்பது என்ஜினில். ஆறு சிலிண்டர், 3 லிட்டர். அக்காலத்துக் கார்களில் கார்புரேட்டர் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும். இதிலோ டீசல் என்ஜின்போல ஒரு பம்ப் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சியது. நான்கு வீச்சு பெட்ரோல் என்ஜின் கொண்ட விற்பனைக் கார்களில் இதுவே முதல். சக்தி கணிசமாகக் கூடியது. கூடவே ஒரு கோளாறும் வந்தது.

பம்ப் என்ஜினோடு சேர்ந்தே சுழல்வது. சாவியைத் திருப்பி அணைத்தால் தீப்பொறி உடனே நின்றுவிடும். என்ஜின் சட்டென்று நிற்காது, சில சுற்று சுற்றித்தான் ஓயும். அந்தச் சில சுற்றிலும் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரிய வழியில்லாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். நெடுந்தூரம் ஓடினால் ஆயில் சூடேறி, கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போகும். ஆனால் இந்தக் காரில் ஆயிலும் அதிகம், அதைக் குளிர்விக்கும் கூலரும் பெரிது. பந்தயத்துக்கென்று அமைத்த ஏற்பாடு அது. தெருமுனை வரை போய்வந்தால் ஆயில் சூடே ஏறாது.

ஆகவே மாதம் ஒருமுறை கிளப்பி, ஐந்து நிமிடம் உறுமவிட்டு, பெருமையோடு அணைத்துவைத்த காரில்தான் ஆயில் அதிகம் நீர்த்துப்போயிருக்கும். மீட்டரில் எண் ஏறியிருக்காது, பேரிங் தேய்ந்திருக்கும். நின்ற வண்டிக்கே உரிய மற்ற நோய்களும் உண்டு: ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கும், பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவை வளர்க்கும், தேங்கிய பெட்ரோல் பிசினாகி பம்ப்பின் நுண்ணிய உறுப்புகளை ஒட்டவைக்கும்.

குறைந்த ஓட்டத்துக்குப் பணம் கொடுப்பதை நான் தவறென்று சொல்லவில்லை. அசல் பெயின்ட், அசல் தோல் இருக்கை, தொழிற்சாலையில் பொருத்திய அதே எண்ணுள்ள என்ஜின் எல்லாம் அப்படிப்பட்ட வண்டியில்தான் பிழைத்திருக்கும். ஆனால் மீட்டரைப் பார்க்கும் முன் ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். பிறகு ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், என்ஜினைப் பிரித்துப் பழுது பார்க்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள்.