சக்கரம் மாட்டிய ஸ்டூடியோ

எங்கள் தெருவுக்கு ஒரு முறை டி.வி. வேன் வந்தது. புதிய குடிநீர்க் குழாய் திறப்பு விழா. ஒரு பெரிய மனிதர் வந்து திறந்து வைக்கிறார். அதை நேரடியாக ஒளிபரப்பப் போகிறார்கள். நம்ம ஜனங்களைப் பற்றித் தெரியாதா? பெரிய மனிதரை விட்டுவிட்டு வேனைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும்தான்.

கேபிள் இழுத்துக்கொண்டிருந்த இளைஞரிடம், "உள்ளே என்ன தம்பி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். ஸ்டூடியோவைக் கழட்டி சக்கரம் மாட்டியிருக்கு, அவ்வளவுதான்!"

அந்தப் பதில் மனசில் ஒட்டிக்கொண்டது. முதன்முதலில் சக்கரம் மாட்டியது யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1931 ஜூன் 3. இங்கிலாந்தில் எப்சம் மைதானத்தில் டெர்பி குதிரைப் பந்தயம். டெலிவிஷன் முன்னோடி ஜான் லோகி பேர்ட், ஒரு வேனைக் கொண்டுவந்து பந்தயம் முடியும் இடத்தருகே நிறுத்தினார். உள்ளே கண்ணாடிகள் பதித்த ஒரு சுழலும் உருளை. அது பிடித்த காட்சி டெலிபோன் கம்பி வழியாக லண்டன் போய் ஒளிபரப்பானது. மொத்தப் படமும் 30 கோடுகள்தான்! குதிரை எது, ஜாக்கி எது என்று பிரித்துச் சொல்ல ஞானக்கண் வேண்டும்.

அடுத்தது பெர்லின், 1936 ஒலிம்பிக்ஸ். ஜெர்மானியர்கள் செய்த வேலை இன்னும் வேடிக்கை. வேன் கூரைமேல் சினிமா கேமரா. எடுத்த ஃபிலிம் அப்படியே வேனுக்குள் இறங்கும். அங்கேயே கழுவி, ஓரிரு நிமிடத்துக்குள் டெலிவிஷன் சிக்னலாக மாற்றி அனுப்பிவிடுவார்கள். ஓடுகிற லேப் என்றே சொல்லலாம்.

ஆனால் இன்று நாம் பார்க்கிற ஓ.பி. வேனுக்கு நேரடித் தாத்தா, லண்டன் பி.பி.சி.யின் வண்டிதான். 1937 மே 12, ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா. வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் டி.வி. கேமராவுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஊர்வலத்தையாவது காட்டுவோம் என்று ஹைட் பார்க் கார்னரில் மூன்று கேமராக்களை வைத்தார்கள். பக்கத்தில் பஸ் சைஸுக்கு ஒரு கன்ட்ரோல் வேன்.

இப்போது படத்துக்கு 405 கோடுகள், செகண்டுக்கு 25 படங்கள். இவ்வளவு சமாசாரத்தைச் சாதாரண டெலிபோன் கம்பி தாங்காது. எனவே அலெக்ஸாண்ட்ரா பேலஸ் ஸ்டேஷன் வரைக்கும் சுமார் 13 கிலோமீட்டருக்குத் தனி கேபிள் பதித்தார்கள்.

கேபிள் இல்லாத இடத்துக்கு என்ன செய்வது? டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு வண்டி, கரண்டுக்கு ஜெனரேட்டர் வண்டி என்று கூடவே இரண்டு கிளம்பின. அடுத்த மாதமே விம்பிள்டன் டென்னிஸ், கம்பியில்லாமல் வானலை வழியாக ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. அந்த நாளில் இது பெரிய சாதனை சார்!

இனிமேல்தான் விஷயம்.

1938 செப்டம்பர் 30. பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், ம்யூனிக்கில் ஹிட்லரைச் சந்தித்துவிட்டு ஹெஸ்டன் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். டி.வி. கேமராக்கள் தயாராக நிற்கின்றன. அவர் கையில் ஒரு காகிதம். இரு நாட்டு மக்களும் இனி ஒருவரோடொருவர் போரிட விரும்பவில்லை என்று அதில் எழுதி, ஹிட்லரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சேம்பர்லின் அதைத் தூக்கிக் காட்டுகிறார். கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அத்தனையும் நேரடி ஒளிபரப்பு.

கேமரா பொய் சொல்லவில்லை. காகிதம் நிஜம், கையெழுத்து நிஜம், கைதட்டலும் நிஜம். பதினோரு மாதம் கழித்து, 1939 செப்டம்பர் 1 அன்று ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. அன்றைக்கே பி.பி.சி. டெலிவிஷனை இழுத்து மூடினார்கள். செப்டம்பர் 3-ல் பிரிட்டனும் போரில் இறங்கியது. மறுபடி டி.வி. திறந்தது 1946 ஜூன் 7-ல்தான். மறுநாளே கேமராக்கள் தெருவுக்கு வந்தன, போர் முடிந்த வெற்றி ஊர்வலத்தைக் காட்ட!

வேனால் தூரத்தை ஒழிக்க முடிந்தது. இருபது கிலோமீட்டர் தள்ளி நடப்பதை அந்த நிமிடமே வீட்டுக் கூடத்தில் காட்ட முடிந்தது. ஆனால் கேமராவுக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது, நாளைக்கு என்ன நடக்கும்? அதைக் காட்டுகிற வேனை யாரும் கட்டவில்லை.

இன்று அந்த மூன்று வண்டிகளும் உங்கள் சட்டைப் பையில் செல்போனாக உட்கார்ந்திருக்கின்றன. கேமரா, கன்ட்ரோல், டிரான்ஸ்மிட்டர், ஜெனரேட்டருக்குப் பதில் பேட்டரி. பஸ் ஸ்டாண்டில் நடக்கிற சண்டையை அங்கிருந்தே உலகத்துக்கு ஒளிபரப்பலாம். 'கண்ணால பார்த்தேன் சார்' என்று ஆபீஸ் கேன்டீனில் அடித்துப் பேசலாம். அப்படிப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தெருக் குழாய் ஞாபகம் வந்துவிடுகிறது.

அன்றைக்குப் பெரிய மனிதர் குழாயைத் திருகினார். தண்ணீர் ஜோராகக் கொட்டியது. கைதட்டல். மாலையில் தென்காசியிலிருந்து அத்தை போன் செய்தாள்.

"உங்க தெருவுல தண்ணி கொட்டுதேடா! நேரடியா காட்டினானே, கண்ணால பார்த்தேன்!"

குழாயின் மறுமுனை, சுவருக்குப் பின்னால் நின்ற தண்ணீர் லாரியில் சொருகியிருந்தது. லாரி கிளம்பிப் போய்விட்டது. வேனும் போய்விட்டது. குடத்தோடு க்யூவில் நின்றபடி சொன்னேன்:

"ஆமா அத்தை, டி.வி.யில வந்துது!"