பழகுநர் மகிழுந்துக் காப்பீடு

பழகுநர் மகிழுந்துக் காப்பீடு என்பது, பழகுநர் உரிமம் பெற்றவர் மகிழுந்து ஓட்டும்போது நேரும் விபத்துகளுக்கான காப்பீட்டுப் பாதுகாப்பு ஆகும். இந்தியாவில் காப்பீடு வாகனத்துக்கே எடுக்கப்படுவதால், பழகுநருக்கெனத் தனிப் பத்திரம் தேவையில்லை. ஐக்கிய இராச்சியத்தில் பழகுநரின் பெயரை வாகனக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும், அல்லது அவர் தனிக் காப்பீடு பெற வேண்டும்.

விதிகள்

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 146, மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 3 ஆம் விதி இரண்டு நிபந்தனைகளை வலியுறுத்துகிறது:

* ஓட்டுநர் உரிமம் உள்ள பயிற்றுநர் ஒருவர், வாகனத்தைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும்.
* வாகனத்தின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும்.

மூன்றாம் தரப்பு இழப்பீடு

பழகுநர் முறையான உரிமம் உடையவர் அல்லர் எனக் காப்பீட்டு நிறுவனங்கள் வாதிட்டதுண்டு. நேசனல் இன்சூரன்சு நிறுவனம் எதிர் சுவரண் சிங் வழக்கில் (2004), பழகுநர் உரிமமும் உரிமமே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, சென்னை ராயப்பேட்டை நெடுஞ்சாலை போன்ற நெரிசல் மிக்க சாலையில் பழகுநரின் மகிழுந்து பாதசாரி ஒருவர் மீது மோதினால், ஓட்டியவர் பழகுநர் என்பதற்காக மட்டும் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இயலாது.

சொந்தச் சேதம்

மகிழுந்துக்கு ஏற்படும் சேதத்தின் நிலை வேறு. பழகுநர் 3 ஆம் விதியைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்பது காப்பீட்டுப் பத்திரத்தின் நிபந்தனையாகும். பயிற்றுநர் இன்றி ஓட்டியிருந்தால், பழுதுபார்க்கும் செலவை நிறுவனம் மறுக்கலாம். அச்செலவு உரிமையாளரையே சாரும்.